இல்லத்து இணைய இணைப்பு: வேகமும் தாமதமும்

வீட்டிலுள்ள இணைய இணைப்பு மந்தமாயிருக்கின்றதென்று உணர்ந்தவர் பெரும்பாலும் மேற்கொள்ளும் பரிகாரம் ஒன்றேயாகும். சேவை வழங்கும் நிறுவனத்தை அணுகி, வேகமும் மாதக் கட்டணமும் கூடிய வேறொரு திட்டத்துக்கு மாறிக்கொள்ளுதலே அது. கட்டணம் கூடுகின்றது, மந்தமோ பல இல்லங்களில் முன்போலவே நிற்கின்றது. தோட்டத்துக்கு நீர் போதவில்லையென்று கண்ட ஒருவன், வாய்க்காலில் உடைப்புண்டோ, புல் அடைத்துக் கிடக்கின்றதோவென்று நடந்து பாராமல், கிணற்றடியிற் பெரிய இயந்திரமொன்றை வாங்கி வைத்ததற்கு இச்செயல் ஒப்பாகும். இயந்திரம் எத்துணைப் பெரிதாயினும், கடைசிப் பாத்திக்குச் சேரும் நீரின் அளவை வரையறுப்பது வாய்க்காலின் மிக ஒடுங்கிய இடமேயாம்.

இஃது ஏதோ பொழுதுபோக்குக்குரிய சிறு காரியமென்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி பெருமளவிற்கு இணையத்தின் வழியாகவே நடைபெறலாயிற்று. ஆசிரியரின் குரல் இடையிடையே அறுந்து போயிற்றென்றால், அறுந்தது குரல் மாத்திரமன்று. பாடத்தின் தொடர்பும் அறுந்தது. பள்ளிகள் மீளத் திறந்தபின்னரும் மேலதிக வகுப்புகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடநெறிகள், வேலைக்கான நேர்காணல்கள் ஆகியன இவ்வழியே நடந்து வருகின்றன. ஆதலின், குறைந்த வருவாயுடைய குடும்பமொன்று தான் செலுத்தும் பணத்துக்கு உரிய பயனை முழுமையாகப் பெறுதல் எங்ஙனமென்பது சிந்தித்தற்குரியதொன்றாகின்றது.

வேகம் என்னும் சொல்லின் இரு பொருள்

இணைய இணைப்பைப்பற்றிப் பேசும்போது வேகம் என்னும் ஒரு சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிக்கின்றனர். குழப்பங்களுட் பெரும்பாலானவை இதனாலேயே எழுகின்றன. ஒன்று, ஒரு செக்கனில் எவ்வளவு தரவு கடந்து செல்லும் என்பது. இதனைக் கொள்ளளவு எனலாம். மற்றையது, புறப்பட்ட ஒரு சிறு தரவுத் துண்டு போய்ச் சேர்ந்து, அதற்குரிய மறுமொழி திரும்பி வருதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பது. இதனைத் தாமதம் எனலாம்.

இவ்விரண்டும் ஒன்றன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பத்தாயிரம் நூல்களை ஏற்றிவரும் பார ஊர்தியின் கொள்ளளவு மிகப் பெரிது. ஆயினும் முதலாவது நூல் கைக்கு வருதற்கு ஒரு பகல் வேண்டும். தொலைபேசியிற் பேசும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு நூலின் சில பக்கங்களையே வாசித்துக் காட்டலாம். ஆயினும் கேள்விக்கு மறுமொழி உடனே கிடைக்கின்றது. நூலகத்தை இடம்மாற்ற விரும்புவோர்க்குப் பார ஊர்தியும், உரையாட விரும்புவோர்க்குத் தொலைபேசியும் ஏற்றன. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

விளம்பரங்களிற் காணப்படும் எண் கொள்ளளவையே குறிக்கும். அதிலும் ஒரு நுட்பமுண்டு. நிறுவனங்கள் செக்கனுக்கு இத்தனை மெகாபிற்று என்று கணக்கிடுகின்றன. கணினியோ கோப்புகளின் அளவை மெகாபைற்றிற் காட்டுகின்றது. ஒரு பைற்று என்பது எட்டுப் பிற்றுகள் கொண்டது. ஆகவே, 100 மெகாபிற்றுத் திட்டமொன்றைப் பெற்றவர், தமது கணினி செக்கனுக்கு 12 மெகாபைற்று அளவிலேயே பதிவிறக்குகின்றதென்று கண்டு, தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டுவதில்லை. 100ஐ 8ஆல் வகுக்க வருவது 12.5 ஆகும்.

தாமதத்தைப் பொறுத்தவரை, இயற்கையே ஓர் எல்லையை வகுத்திருக்கின்றது. வெற்றிடத்தில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் செல்லும். கண்ணாடி இழையினுள்ளே அது ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றராகக் குறைகின்றது. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடைப்பட்ட தூரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். எனவே போய் மீள்வதற்கு மாத்திரம் 27 மில்லிசெக்கன், அஃதாவது ஒரு செக்கனின் ஆயிரத்தில் 27 பங்கு, செல்லும். கடலடி வடங்கள் நேர்கோட்டிற் செல்வனவல்ல ஆதலால் உண்மையில் இதனினும் கூடுதலாகவே செல்லும். எந்தத் திட்டத்தை எவ்விலைக்கு வாங்கினும் இவ்வெல்லையை யாரும் கடத்தல் இயலாது. பிற நாட்டு நிறுவனங்கள் சில, மக்கள் மிகுதியாக விரும்பும் காணொளிகளின் பிரதிகளை பல நாடுகளிலும் உள்ள சேவை நிலையங்களிலேயே சேமித்து வைத்தலின் காரணங்களுள் ஒன்றும் இதுவேயாம்.

இனி, எந்தப் பணிக்கு எது வேண்டுமென்று நோக்குவாம். பெரிய கோப்பொன்றை இறக்குதற்குக் கொள்ளளவே முதன்மையானது. திரைப்படம் பார்ப்பதற்கும் அவ்வாறே. காணொளி வகுப்புக்கோ கொள்ளளவு ஏறத்தாழ 2 முதல் 4 மெகாபிற்று வரை இருந்தாற் போதும். ஆனால் தாமதம் சிறிதாயும் சீராயும் இருத்தல் வேண்டும். ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழுதற்கு 150 மில்லிசெக்கனுக்கு மேற்படாதிருத்தல் நன்றென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைத்துள்ளது. அதனைக் கடந்து கூடிச் செல்லின் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுதல் மிகும். 4 மெகாபிற்றே வேண்டியதொரு வகுப்பு, 50 மெகாபிற்று இணைப்பிலே தடைப்படுகின்றதென்றால், குறை கொள்ளளவில் இல்லை என்பது வெளிப்படை. அத்தகைய வீட்டார் 100 மெகாபிற்றுக்கு மாறுவதால் வகுப்புச் சீர்படுமென்று கொள்ளல் பொருந்தாது.

வாசல்வரை வரும் வழி

இலங்கையில் இல்லங்களுக்கு இணையம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகின்றது. அவை செப்புக்கம்பி, ஒளியிழை, நான்காந் தலைமுறைக் கம்பியில்லாத் தொடர்பு என்பனவாம். ஒவ்வொன்றிற்கும் தனித்தனி இயல்பும் தனித்தனிக் குறையும் உள.

பழைய தொலைபேசிக் கம்பியில் மனிதக் குரலுக்கு வேண்டிய மீடிறன் ஏறத்தாழ 4 கிலோஹேர்ட்சுக்கு உட்பட்டது. அக்கம்பியிலேயே அதற்கு மேற்பட்ட மீடிறன்களைப் பயன்படுத்தித் தரவை அனுப்பும் முறையே ஏ.டி.எஸ்.எல். எனப்படுவது. 2003ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அதன் மேம்பட்ட வகை 2.2 மெகாஹேர்ட்சு வரையுள்ள மீடிறன்களைப் பயன்படுத்தி, 24 மெகாபிற்று வரை தரவல்லது. ஆனால், மீடிறன் கூடக்கூடக் கம்பியில் இழப்பும் கூடும். தொலைபேசி நிலையத்துக்கு அண்மையிலுள்ள வீட்டில் 20 மெகாபிற்றுக்கு மேற் கிடைக்கலாம். 5 கிலோமீற்றர் தொலைவிற் சில மெகாபிற்றுகளே எஞ்சும். தூரத்தை வீட்டார் மாற்ற முடியாது. ஆனால் வீட்டினுள்ளே பழைய நீட்டுக் கம்பிகளும் துருப்பிடித்த இணைப்புகளும் இருப்பின் அவற்றை நீக்கலாம். மொடெத்தை, வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் முதலாவது இணைப்பிடத்திலேயே பொருத்துதலும், தொலைபேசிக் கருவி ஒவ்வொன்றிற்கும் உரிய வடிகட்டியை இடுதலும் வேண்டும். பேசும்போது தொலைபேசியில் இரைச்சல் கேட்குமாயின், இணையம் மந்தமாதற்கும் அதுவே காரணமென்று ஐயுறலாம்.

பைபர் எனப் பலரும் வழங்கும் ஒளியிழை இக்குறை அற்றது. மயிரின் தடிப்பை ஒத்த கண்ணாடி இழையில் ஒளி செல்வதால், ஊருக்குள் உள்ள தூரம் பொருட்டன்று. ஆயினும், இவ்விழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். இணைப்பு முனையில் ஒரு தூசு படியினும் ஒளி தடைப்படும். எனவே, இழையை ஆணியடித்துச் சுவரோடு இறுக்குதலும், மேசைக் காலின் கீழ் நசியவிடுதலும், முனையைக் கழற்றி விரலாற் றொடுதலும் தவிர்க்கத்தக்கன. மேலும், பரவலாகப் பயன்படும் ஜீபொன் என்னும் முறையில், 2.5 கிகாபிற்றுக் கொள்ளளவுடைய ஓர் இழை பிரிக்கப்பட்டு, 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்ளப்படுகின்றது. அயலார் யாவரும் ஒரே வேளையிற் பயன்படுத்தும் மாலைப்பொழுதில் வேகம் சற்றுக் குறைதற்கு இப்பகிர்வும் ஒரு காரணமாகலாம்.

நான்காந் தலைமுறைத் தொடர்பிற் பகிர்வு இன்னும் மிகுதி. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அச்சூழலிலுள்ள கைத்தொலைபேசிகளும் வீட்டுக் கருவிகளும் ஒருங்கே பங்கிடுகின்றன. இங்கு வீட்டார் செய்யத்தக்கது கருவியை வைக்கும் இடத்தைத் தெரிதலாகும். கோபுரத்தை நோக்கிய சன்னலருகே, இயலுமாயின் மேல்மாடியிலே வைத்து, ஓரிரு மீற்றர் நகர்த்தி நகர்த்தி அளந்து பார்த்தல் வேண்டும். ஒரு சுவரின் இப்பக்கத்துக்கும் அப்பக்கத்துக்கும் உள்ள வேறுபாடே இரு மடங்காதல் கூடும்.

சுவர்களினிடையே வானலை

வாசல்வரை குறையின்றி வந்த இணைப்பு, வாசலைக் கடந்தபின் கெடுதலே பெருவழக்கு. ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தியிலிருந்து கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் தரவு செல்வது வை-பை என்னும் வானலை முறையினாலாகும். இதன் வரலாறே இதன் குறையை விளக்கும். நுண்ணலை அடுப்பு முதலிய கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த 2.4 கிகாஹேர்ட்சுப் பட்டையை உரிமம் இன்றியே தொடர்பாடலுக்குப் பயன்படுத்தலாமென்று 1985ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு விதித்தது. அவ்வனுமதியின் பயனாக 1997ஆம் ஆண்டில் 2 மெகாபிற்று வேகமுடைய முதலாவது வை-பை நியமம் வெளிவந்தது. உரிமம் வேண்டாமையால் இது மலிந்தது, மலிந்தமையால் நெரிசலுமாயிற்று. நுண்ணலை அடுப்பு இன்றும் 2.45 கிகாஹேர்ட்சிலேயே இயங்குகின்றது. சமையலறையில் அடுப்பு எரியும்போது அடுத்த அறையில் வகுப்பு அறுதல் கற்பனையன்று.

இப்பட்டையில் அலைவரிசைகள் 5 மெகாஹேர்ட்சு இடைவெளியில் எண்ணிடப்பட்டுள்ளன. ஆனால் வழிப்படுத்தியொன்று பயன்படுத்தும் அகலமோ குறைந்தது 20 மெகாஹேர்ட்சு. எனவே 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றன்மேல் ஒன்று படியாதன. அயலார் 1இலும் 6இலும் இருக்க, இடையிலுள்ள 3ஐத் தெரிந்தவர் தனியிடம் பெற்றவரல்லர். இருவருடைய இரைச்சலுக்கும் இடைப்பட்டவரேயாவர். ஒரே அலைவரிசையில் உள்ள கருவிகள் ஒன்றன் பேச்சை ஒன்று கேட்டு முறைவைத்துப் பேசும். அரைகுறையாகப் படிந்தவையோ ஒன்றுக்கொன்று வெறும் இரைச்சலேயாம். 5 கிகாஹேர்ட்சுப் பட்டையில் அலைவரிசைகள் மிகுதி, நெரிசல் குறைவு. ஆனால் சுவரை ஊடுருவும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆகையால் அண்மையில் உள்ள கருவிகளுக்கு 5 கிகாஹேர்ட்சும், தொலைவிலுள்ளவற்றுக்கு 2.4 கிகாஹேர்ட்சும் பொருந்தும்.

திறந்த வெளியிலே தூரம் இரு மடங்காகும்போது சமிக்ஞையின் வலு நாலில் ஒன்றாகக் குறையுமென்பது பௌதிகவியல் மாணவர் அறிந்த நேர்மாறு வர்க்க விதி. சுவர்கள் இதனை இன்னும் குறைக்கும். அவற்றுள்ளும் இரும்புக் கம்பி இட்ட கொங்கிரீற்று, உலோக அலுமாரி, பெரிய நிலைக்கண்ணாடி, நீர்த்தொட்டி என்பன மிகவும் தடுப்பன. உலோகம் அலையைத் தெறிக்கச் செய்யும்; நீர் உறிஞ்சிவிடும். அழகு கெடுமென்று வழிப்படுத்தியை அலுமாரிக்குள்ளோ தொலைக்காட்சியின் பின்னாலோ ஒளித்து வைப்போர், விளக்கை மரக்காலால் மூடிவிட்டு வெளிச்சம் போதவில்லை என்போரை ஒப்பர். வீட்டின் நடுப்பாகத்தில், ஆளுயரத்தில், காற்றோட்டமுள்ள வெளியில் அதனை வைத்தலே முறை. நிமிர்ந்து நிற்கும் அன்ரெனாவிலிருந்து அலை பரவும் வடிவம் கிடையாக வைத்த உழுந்து வடையை ஒத்தது. பக்கங்களிற் பரவுமேயன்றி நேர் மேலும் கீழும் பரவாது. ஆகவே மேல்மாடிக்கும் அலை வேண்டுமாயின் அன்ரெனாக்களுள் ஒன்றைச் சரித்து வைத்தல் நன்று.

வை-பையில் ஒரு வேளையில் ஓர் அலைவரிசையில் ஒரு கருவியே பேசலாம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. வழிப்படுத்தியின் அருகேயுள்ள கணினி 80 மெகாபிற்று வேகத்தில் 10 மெகாபைற்றுக் கோப்பொன்றை ஒரு செக்கனிற் பெற்றுவிடும். பின் அறையின் மூலையிலுள்ள பழைய கைத்தொலைபேசி 4 மெகாபிற்று வேகத்தில் அதே கோப்பைப் பெற 20 செக்கன் வேண்டும். அவ்விருபது செக்கன் வானலை நேரத்தையும் ஏனையோர் இழக்கின்றனர். ஒருவருடைய பலவீனமான இணைப்பு வீட்டார் யாவரையும் பாதித்தல் இங்ஙனமேயாம்.

எனவே, இடம்பெயராத கணினி, தொலைக்காட்சி முதலியவற்றை வடத்தால் இணைத்துவிடின், அவற்றுக்கு நன்மையாதலோடு வானலையும் ஏனைய கருவிகளுக்கு எஞ்சும். ஐந்து-ஈ வகுப்பைச் சேர்ந்த ஈதர்நெற்று வடம் 100 மீற்றர் வரை ஒரு கிகாபிற்றுத் தரவல்லது. அதனுள் நான்கு சோடிக் கம்பிகள் உள. ஒரு சோடி அறுந்திருப்பினும் வடம் வேலை செய்வதாகவே தோன்றும். ஆனால் வேகம் 100 மெகாபிற்றாக இறங்கிவிடும். தொலைவிலுள்ள அறைக்கு அலையை எட்டச் செய்யும் மறுபரப்புக் கருவிகள் கடைகளிற் கிடைக்கின்றன. அவை ஒரே அலைவரிசையிற் கேட்டு அதிலேயே திரும்பச் சொல்வனவாயின், கொள்ளளவு ஏறத்தாழப் பாதியாகும். வடத்தால் இணைத்த இரண்டாவது வை-பைக் கருவியொன்று அதனினும் சிறந்தது.

காத்திருக்கும் வரிசை

மேற்கூறியன யாவும் செவ்வனே அமைந்த வீட்டிலும், வகுப்பு நடக்கும்போது மந்தம் தோன்றுதல் உண்டு. அதன் காரணம் பலரும் அறியாததொன்று. அது வரிசையாகும்.

இணையத்தில் தரவு பொதிகளாகப் பிரிக்கப்பட்டுச் செல்கின்றது. வெளியே செல்லும் வழி ஒடுங்கியதாயின், பொதிகள் வழிப்படுத்தியிலோ மொடெத்திலோ வரிசையில் நின்று காத்திருக்கும். காத்திருத்தலைக் கணிதத்தால் ஆராய்ந்தவருள் முன்னோடியானவர் கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்திற் பணியாற்றிய எர்லாங்கு என்பவர். அவரது முதற் கட்டுரை 1909ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் தொடங்கிய வரிசைக் கோட்பாட்டின் எளிய முடிபொன்றை ஈண்டுக் கூறலாம். எழுந்தமானமாய் வருவோர்க்குப் பணிபுரியும் ஒரு சாளரம் பாதி நேரம் வேலையாயிருப்பின், ஒருவர் வந்து பணி முடித்துச் செல்லச் சராசரியாகப் பணிநேரத்தின் 2 மடங்கு ஆகும். நூற்றுக்கு 90 பங்கு வேலையாயிருப்பின் 10 மடங்கும், 95 பங்காயின் 20 மடங்கும் ஆகும். நிறைவை அணுகும்போது தாமதம் சிறிது சிறிதாகவன்றி, திடீரெனப் பெருகுகின்றதென்பதே இதன் கருத்து.

இணையத்தின் வரலாற்றில் இதற்கு ஓர் உறுதியான சான்றுண்டு. 1986ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில், கலிபோர்ணியாவிலுள்ள லோறன்சு பேர்க்கிலி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 யார் தூரமே உள்ள தொடர்பில், செக்கனுக்கு 32,000 பிற்றாக இருந்த வேகம் 40 பிற்றாக வீழ்ந்தது. கம்பி அறவில்லை, நெரிசலே அவ்வாறு செய்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் மருந்தையும் கூறினார். ஒரு பொதி தொலைந்துபோனால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, அனுப்பும் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அம்மருந்தின் சாரம். இணையம் பெருமளவிற்கு இவ்வடிப்படையிலேயே இன்றும் இயங்குகின்றது.

ஆனால் பின்னாளில் நினைவகத்தின் விலை வீழ்ந்தது. பொதி தொலைதல் தீதென்று எண்ணிய உற்பத்தியாளர், கருவிகளிற் காத்திருப்பிடத்தைப் பெரிதாக்கினர். இடம் பெரிதானமையால் பொதி எளிதிற் தொலையவில்லை. தொலையாமையால் அனுப்பும் கணினி நெரிசலை அறியவில்லை. அறியாமையால் வேகத்தைக் குறைக்கவுமில்லை. வரிசை நீண்டுகொண்டே சென்றது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜிம் கெற்றிசு என்பவர் 2010ஆம் ஆண்டிலே தமது வீட்டு இணைப்பிற் பெரிய கோப்புகளை அனுப்பும்போது, தாமதம் ஒரு செக்கனுக்கும் மேலாக உயர்வதைக் கண்டு, இக்குறையை உலகறியச் செய்தார்.

இதனைக் கணக்கிட்டுக் காணலாம். ஒரு வீட்டின் பதிவேற்ற வேகம் 5 மெகாபிற்று என்றும், மொடெத்தின் காத்திருப்பிடம் ஒரு மெகாபைற்று என்றும் கொள்க. ஒரு மெகாபைற்று 8 மெகாபிற்றாதலின், அது நிறைந்தபின் கடைசியாக வந்த பொதி வெளியேற 8ஐ 5ஆல் வகுத்த 1.6 செக்கன் செல்லும். தந்தையின் கைத்தொலைபேசி திருமண வீட்டுப் படங்களைத் தானாகவே சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வேளையில், மகளின் கேள்வி ஆசிரியரைச் சென்றடைய 1.6 செக்கன் காத்திருக்கின்றது. 150 மில்லிசெக்கன் எங்கே, 1600 மில்லிசெக்கன் எங்கே! பதிவிறக்கமும் தப்புவதில்லை. வந்த பொதிகளுக்கு உரிய பெறுகைச் செய்திகள் இதே பதிவேற்ற வழியாகவே திரும்பவேண்டியிருத்தலால், அவை பிந்த, வரவும் மந்தமாகின்றது.

பரிகாரம் உண்டு. கத்லீன் நிக்கொல்சும் வான் ஜேக்கப்சனும் 2012ஆம் ஆண்டில் கோடெல் என்னும் முறையை வெளியிட்டனர். வரிசையின் நீளத்தை அளவாமல், ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை இம்முறை அளக்கின்றது. 5 மில்லிசெக்கனுக்கு மேற்பட்ட காத்திருப்பு நிலைத்துநிற்குமாயின், சில பொதிகளை வேண்டுமென்றே கைவிட்டு, அனுப்புவோருக்கு நெரிசலை உணர்த்துகின்றது. இதனோடு, ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை அமைத்து முறைவைத்து அனுப்பும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. அஞ்சல் நிலையத்தில் ஒருவர் நூறு பொதிகளைக் கொணர்ந்து நிற்க, ஒற்றைக் கடிதத்தோடு வந்தவரை அவர் பின்னால் நிறுத்தாமல், ஆளுக்கொன்றாய் வாங்கி அனுப்பும் அலுவலரை இது ஒக்கும். இம்முறைகள் 2018ஆம் ஆண்டில் இணையப் பொறியியற் பணிக்குழுவின் ஆவணங்களாகவும் வெளிவந்தன.

வழிப்படுத்தி சிலவற்றின் அமைப்புப் பக்கத்தில் எஸ்.கியூ.எம். அல்லது கியூ.ஓ.எஸ். என்னும் பெயரில் இத்தகைய வரிசை ஒழுங்கு காணப்படும். அதனை இயக்கி, வேகத்தின் எல்லையை அளந்த வேகத்தினும் நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைவாக, மேற்கண்ட வீட்டிற்கு 4.5 மெகாபிற்றாக, அமைத்தல் வேண்டும். அப்போது வரிசை ஒழுங்கற்ற மொடெத்தில் நில்லாமல், ஒழுங்குள்ள வழிப்படுத்தியிலேயே நிற்கும். கொள்ளளவிற் பத்திலொன்று போகும். தாமதமோ செக்கன் கணக்கிலிருந்து சில பத்து மில்லிசெக்கன்களாக இறங்கும். இவ்வசதியற்ற கருவியை உடையோர், படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்புதலையும் மென்பொருள்களைப் புதுப்பித்தலையும் வகுப்பு நேரத்தில் நிறுத்தி, இரவில் நடைபெறுமாறு அமைத்தலே போதியது. அதற்குக் காசு வேண்டுவதில்லை.

அளந்தறியும் முறை

குறை எவ்விடத்தில் என்பதை ஊகத்தால் துணியலாகாது. படிப்படியாக அளந்தே துணிதல் வேண்டும். முதலில், மாதத்துக்குரிய தரவு அளவு முடிந்துவிட்டதோவென்று பார்க்க. சில திட்டங்களில் அவ்வளவு முடிந்தபின் வேகம் குறைக்கப்படும். அதன்பின் நான்கு அளவைகளைச் செய்க.

ஒன்று: ஏனைய கருவிகள் யாவற்றையும் நிறுத்தி, ஒரு கணினியை வடத்தால் நேரே வழிப்படுத்தியுடன் இணைத்து, வேகச் சோதனை செய்தல். இதனைக் காலை, மாலை, நள்ளிரவு ஆகிய மூவேளையும் சில நாட்களுக்குச் செய்து, நாளும் நேரமும் குறித்து ஒரு கொப்பியில் எழுதுதல்.

இரண்டு: வடத்தை நீக்கி, அதே கணினியை வழிப்படுத்தியிலிருந்து இரண்டு மீற்றர் தூரத்தில் வைத்து, வை-பை வழியாக அளத்தல்.

மூன்று: வழமையாகப் பயன்படுத்தும் அறையிலிருந்து அளத்தல்.

நான்கு: மீண்டும் வடத்தால் இணைத்து, 1983ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பிங் என்னும் கட்டளையால் தாமதத்தை அளந்துகொண்டிருக்கையிற் பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றிப் பார்த்தல்.

இனி முடிபு காண்டல் எளிது. முதலாவது அளவையே எல்லா வேளையும் குறைவாயின், குறை வாசலுக்கு வெளியே உள்ள வழியிலோ வழிப்படுத்தியிலோ உள்ளது. மாலையில் மாத்திரம் குறையுமாயின், அது பகிர்வினால் வரும் நெரிசல். முதலாவது நன்றாயிருக்க இரண்டாவது குறையுமாயின், அலைவரிசை நெரிசலோ கருவியின் பழமையோ காரணம். இரண்டாவது நன்றாயிருக்க மூன்றாவது குறையுமாயின், சுவரும் தூரமுமே காரணம், வழிப்படுத்தியை இடம்மாற்றுக. மூன்றும் நன்றாயிருக்க, நான்காவதில் 20 மில்லிசெக்கனாக இருந்த தாமதம் பல நூறாக உயருமாயின், வரிசையே நோய். இவ்வைந்து நிலைகளுள் முதலிரண்டிலேதான் சேவை வழங்குநரை அணுகவேண்டிய தேவை எழலாம். அப்போதும், வேகம் போதவில்லையென்று வாளா கூறுவாரினும், இன்ன நாளில் இன்ன நேரத்தில் வடத்தால் இணைத்து அளந்தபோது இவ்வளவே கிடைத்ததென்று எழுத்திற் காட்டுவாரது முறைப்பாடே வலியது. அங்கு தீர்வு கிட்டாவிடின், முறைப்பாட்டை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குக் கொண்டுசெல்லவும் அவ்வேட்டுக் குறிப்பே துணையாகும்.

எஞ்சிய மூன்று நிலைகளில் வேண்டப்படுவன ஓர் இடமாற்றம், ஒரு வடம், அமைப்புப் பக்கத்தில் ஓர் எண் ஆகிய சிறியனவே. கருவி மிகப் பழையதாயின் அதனை மாற்றுதல் ஒரு முறைச் செலவு. திட்டத்தை உயர்த்துதலோ மாதந்தோறும் வருஞ் செலவு. இவ்வேறுபாட்டைக் குடும்பத்தார் கருத்திற் கொள்ளல் நன்று.

இவ்வளவைகள் யாவும் உயர்தர வகுப்பு மாணவரொருவர் ஓர் ஓய்வு நாளில் தம் வீட்டிலேயே செய்து முடிக்கத்தக்கன. நேர்மாறு வர்க்க விதி, தெறிப்பு, உறிஞ்சல், சராசரி, நிகழ்தகவு என வகுப்பறையிற் கற்றவை யாவும் இங்கே ஒரே கூரையின்கீழ்ப் பயன்படுகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றி, ஏனையவற்றை மாறாமல் வைத்து அளத்தலே விஞ்ஞான முறையின் அடிப்படை. அம்முறையைக் கைக்கொண்ட வீட்டில், கூடிய கட்டணம் செலுத்துவதா என்னும் வினாவுக்கு விளம்பரமன்று, கொப்பியிலுள்ள எண்களே விடை கூறும்.